மேலே தூக்கிய கை

"ஃபியூஸ்" என்றால்தான் அந்தப் பகுதியில் அவரைத் தெரியும். வீடு வீடாகப் போய் மின்சார வேலை பார்ப்பவர். எந்த வீட்டில் விளக்கு அணைந்தாலும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஃபியூஸ் போயிருக்கும்" என்பார். பாதி நேரம் போயிருப்பது வேறு ஏதாவதாக இருக்கும்.

கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பூங்காவில் பாட்டுக் கச்சேரி. அக்கம்பக்கத்து ஆட்களே கூடி நடத்துவது. பல் டாக்டர் நாற்காலி தூக்குவார். மருந்துக்கடைக்காரர் மைக் பிடித்து அறிவிப்பார். ஃபியூஸ் வயர் இழுப்பார். அது போக, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் கையை மேலே தூக்குவார். அதைப் பார்த்து பேக்கரிக்காரர் ஒலியைக் கூட்டுவார்.

அந்த ஞாயிறு பாட இருந்தது அவருடைய மனைவி.

தையல் மெஷினை மிதித்தபடியே பாடிப் பழகிய பெண்மணி. ஒருநாளும் மேடை ஏறியதில்லை. இப்போது தொண்டையில் கட்டி, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். குரல் திரும்புமா என்று கேட்டபோது, ஆஸ்பத்திரி டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் என்ன கேட்பது?

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாட்டுங்க. நாலு பேர் முன்னாடி முழுசா பாடிடறேன்."

"நாலு பேரா? ஊரையே கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறேன் பாரு!"

சொன்னபடியே செய்தார். தான் வேலை பார்த்த வீடுகளுக்கெல்லாம் போய் அழைத்தார். புல்தரையில் கால் வைக்க இடமில்லை.

"என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி புதுச் சட்டை?" என்று சீண்டினார் மருந்துக்கடைக்காரர்.

"அவ தைச்சதுப்பா. இன்னிக்குப் போடலைன்னா எனக்குச் சோறு கிடையாது."

அவள் மேடையேறினாள். முதலில் குரல் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. அந்த மெலிந்த உடம்புக்குள் இத்தனை காலம் இதுவா ஒளிந்திருந்தது! அப்போது பார்த்து ஒரு காற்று கிளம்பி, குரலை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கடைசி வரிசைப் பெண் காதருகே கையைக் குவித்தாள். ஃபியூஸின் கை பழக்கத்தில் சட்டென்று மேலே போனது.

மேடையில் பாட்டு நின்றது. அவள் தலை குனிந்து வணங்கி, இறங்கிவிட்டாள். முடிந்துவிட்டதென்று எண்ணி எல்லோரும் கைதட்டினார்கள். ஐயோ, அந்தக் கைதட்டல்!

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

"ஏம்மா பாதியில நிறுத்திட்ட?"

"நீங்கதானே கையைத் தூக்கினீங்க?"

"அது சத்தத்தைக் கூட்டச் சொல்லிம்மா!"

மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என் தப்புண்ணே. நேரமாச்சுன்னா கூட்டத்திலேருந்து கையைத் தூக்குவோம், பாட்டை முடிச்சுக்கணும்னு நேத்து ஒத்திகையில பாடறவங்ககிட்ட நான்தான் சொன்னேன். நீங்க அப்போ கம்பத்து மேல விளக்கு கட்டிட்டிருந்தீங்க."

"போகட்டும். மறுபடி ஏறும்மா, முதல்லேருந்து பாடு." மனைவியின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றினார்.

முதல் படியிலேயே மழைத்துளி விழுந்தது.

ஒரு சொட்டு விழுந்தாலும் மெயினை அணைத்துவிட வேண்டும். அந்தக் கண்டிப்பைக் கொண்டுவந்தவரே அவர்தான். பேக்கரிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே பண்றது?"

வயர் புல்லுக்குள் நீண்டு கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் ஊரார் வீட்டுக் குழந்தைகள். ஃபியூஸ் வானத்தை அண்ணாந்து பார்த்தார், யாரிடமோ கெஞ்சுவதுபோல. பிறகு அவரே நடந்துபோய் மெயினை இறக்கினார். அடுத்த நிமிடம் மழை கொட்டியது.

தார்ப்பாய்க்குக் கீழே இருவரும் ஒண்டி நின்றார்கள்.

"வீட்டுக்குப் போய்ப் பாடும்மா. நான் உக்காந்து கேக்கறேன்."

அவள் சிரித்தாள். "உங்களுக்குத்தான் இத்தனை வருஷமா பாடிட்டேனேங்க. இவங்களுக்குப் பாடணும்னுதான் ஆசைப்பட்டேன்."

நாற்காலிகளைத் தலைக்கு மேல் கவிழ்த்தபடி ஜனங்கள் நாலா பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரைக் கூப்பிட்டு நிறுத்துவார்? எதைச் சொல்லி நிறுத்துவார்?

"தலையைத் துவட்டுங்க முதல்ல. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில நீங்க தும்மிக்கிட்டு நின்னா யாரு பாக்கறது?" என்று கைக்குட்டையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவளே துடைத்துவிடட்டும் என்று சின்னப் பிள்ளைபோலத் தலையைக் குனிந்து நின்றார்.