மாடியில் இருந்த பியானோ

என் அத்தான் சுற்றுலாப் பேருந்து ஓட்டினார். விடிவதற்கு முன் வண்டியை எடுத்தால் இருட்டிய பிறகுதான் வீடு. கிராமத்தை ஒட்டிய அந்தப் பழைய மாளிகைக்குப் போகிற முறை அவருக்கு அடிக்கடி விழும். அன்றெல்லாம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்டுவிடுவாள்.

"இன்னிக்கு உள்ள என்ன பாத்தீங்க?"

அவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். மாடியில் பெரிய படுக்கையறை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பியானோ, அதற்கடுத்த அறையில் சமையற்கட்டு.

"கட்டில் பக்கத்துல பியானோவா? அங்க எவன் தூங்குவான்?"

"தூக்கம் வராதவன் வாசிப்பான். பணக்காரனுக்கு ஏதும்மா தூக்கம்?"

சொல்லச் சொல்லத் தலை தட்டின் மேல் சாய்ந்துவிடும். அக்கா தட்டை மெல்ல உருவிக்கொள்வாள். ஓய்வு பெற்றதும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓய்வு பெற்றார். அடுத்த மழைக்காலத்துக்கு அவர் இல்லை.

போன வாரம் அக்காவும் நானும் அதேபோல ஒரு சுற்றுலாப் பேருந்தில் போனோம். அவர் நின்ற இடத்தில் ஒருமுறை நிற்க வேண்டும் என்றாள் அக்கா. வேறெதுவும் கேட்கவில்லை.

முழங்கால் வலியோடு அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். மாடியில் படுக்கையறை இருந்தது. கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி, ஒரு முக்காலி. பியானோ இல்லை. கீழே இறங்கி வந்தபோதுதான் அதைச் சரியாகக் கவனித்தோம். நுழைந்ததும் எதிரில் தெரிகிற கூடத்தில் இருந்தது. உள்ளே வந்த யார் கண்ணிலும் முதலில் படுவது அதுதான்.

கூடத்துக் காவல்காரம்மாவிடம் அக்கா கேட்டாள், "இது முன்னாடி மாடியில இருந்துச்சாம்மா?"

"இந்தப் படியில இத யாரு தூக்குறது? என்னிக்கும் இங்கதான்."

"பஸ் டிரைவருங்க உள்ள வருவாங்களா?"

"வண்டிய விட்டு எங்க வர்றாங்க? நான் ஒருத்தரையும் பாத்ததில்ல."

வெளியே மரத்தடி பெஞ்சில் அக்கா உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"அப்ப அந்த மத்தியானமெல்லாம் இவர் எங்கடி இருந்தாரு? எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு என்ன இருந்துச்சு?"

செத்தவரிடம் போய்க் கேட்கவா முடியும்?

கிராமத்தில் ஒரே ஒரு தெருதான். அதன் கோடியில் பேருந்துகள் நிற்கிற திடல், எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரம்மாவிடம் அக்கா தன் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"அட, நம்ம கும்பகர்ணன்." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வீட்டுக்காரம்மாவா? தப்பா எடுத்துக்காதீங்க. அப்படித்தான் கூப்பிடுவோம். வண்டிய நிறுத்தினதும் கடைசி சீட்டுல போய் விழுவாரு. இடி விழுந்தாலும் அசைய மாட்டாரு."

"தூங்குவாரா? நாள் பூரா இங்கயேவா?"

"வேற எங்க போவாரு? கெளம்புற நேரத்துக்கு எழுந்து, மொகத்துல தண்ணி அடிச்சுகிட்டு, திரும்பி வர்றவங்கள மடக்குவாரு, உள்ள என்ன பாத்தீங்கன்னு. ஒருத்தர் மாடியச் சொல்வாரு, ஒருத்தர் கூடத்தச் சொல்வாரு. எல்லாத்தையும் போட்டுக் கொழப்பிப்பாரு. எதுக்கு இந்த விசாரணைன்னா, வீட்டுல போய் ஒப்பிக்கணும்பாரு."

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நானும் கேட்டேன். அவ பாக்க ஆசப்படற எடம், வாசல் வரைக்கும் போய்த் தூங்கிட்டு வந்தேன்னு எப்படிச் சொல்றதுன்னாரு."

அக்கா ஆறிப்போன டீயைக் கடைசி வரை குடித்தாள். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் கொடுத்தாள்.

நாங்கள் திரும்பியபோது எங்கள் வண்டியின் டிரைவர் கடைசி சீட்டில் கண்ணை மறைத்து முழங்கையைப் போட்டுக்கொண்டு கிடந்தார். எல்லாரும் ஏறியாகிவிட்டது. முன்சீட்டுக்காரர் அவரை எழுப்ப எழுந்தார்.

"இருங்க, இன்னும் ரெண்டு பேர் வரணும்," என்றாள் அக்கா.

வர வேண்டியவர் யாரும் இல்லை. முன்சீட்டுக்காரர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

டிரைவர் தானாகவே எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்களைத் தாண்டும்போது, "உள்ள நல்லா இருந்துச்சாம்மா?" என்றார்.

"நீங்க பாத்ததில்லையா?"

"எங்கம்மா நேரம்?"

"மாடியில பெரிய படுக்கையறை," என்றாள் அக்கா. "கட்டில் பக்கத்துலயே ஒரு பியானோ."

"கட்டில் பக்கத்துலயா?"

"ஆமா. தூக்கம் வராதவங்க வாசிப்பாங்களாம்."

முன்சீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டி திடலை விட்டு இறங்குவதற்குள் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.