கொடியக்காவின் செவ்வாய்க்கிழமைகள்

சுற்றுலா பஸ்ஸை ஓட்டுகிறவன் நான். கொடியக்கா அதில் வழிகாட்டி. கையில் எப்போதும் மஞ்சள் கொடி ஒன்று இருக்கும், அதனால் அந்தப் பெயர். கோட்டை வாசலில் பத்து வழிகாட்டிகள் பத்துக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கத்தவே மாட்டார். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேசியபடி, கடைவீதி முழுக்கப் பின்பக்கமாகவே நடப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு விளக்குக் கம்பத்தில்கூட மோதியதில்லை.

கணவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. மகன் தூர தேசத்தில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் போன் பண்ணி, “சாப்பிட்டியாம்மா?” என்பான். இவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லி முடிப்பதற்குள், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவான். பாசமான பிள்ளைதான். எனக்குத்தான் அவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு விடுமுறை. ஆறு நாள் நடந்து தேய்ந்த கால் ஏழாவது நாளாவது சும்மா கிடக்கும் என்று பார்த்தால், அன்றைக்கும் நடை. கோட்டைக்குப் பின்னால், வாய்க்காலைத் தாண்டி, எந்தப் பயணப் புத்தகத்திலும் இல்லாத பழைய தெருக்களில் தனியாகச் சுற்றுவார்.

“வீட்ல உக்காந்தா சுவரு என்னையே பாக்குது தம்பி. தெருன்னா பரவால்ல, அதுக்கு ஆயிரம் சோலி இருக்கு” என்றார் ஒருமுறை. நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அப்படி நடக்கையில் கண்டுபிடித்ததுதான் அந்த வளைவுத் தெரு. நடுவில் பள்ளம் விழுந்த கல்படிகள், குதிரை கட்ட அந்தக் காலத்தில் அடித்த இரும்பு வளையங்கள், எப்போதோ செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்கள். நாள் முழுக்க நின்றாலும் பத்துப் பேர் கடந்து போனால் அதிகம். முதல் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரம்மா, ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, பழைய கோட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருப்பார்.

“வந்துட்டியா?”

“வந்துட்டேங்க்கா.”

அப்புறம் மழை வருமா, முழங்கால் வலி எப்படி என்று இரண்டு வார்த்தை. நாலு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தைக்காக அக்கா திங்கட்கிழமையே நல்ல துணியாக எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிடுவாராம். அவரை ஒரு ஆளாக மதித்து எதிர்பார்த்தது இந்த ஊரில் அந்த ஒரு ஜன்னல்தான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் கெட்டது. அந்தத் தெருவில் ஒரு வாசலுக்கு மேலே படர்ந்திருந்த கொடியை யாரோ வெட்டியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து கல்லில் செதுக்கிய இரண்டு மீன்கள் வெளியே தெரிந்தன. நாலு வருஷமாகக் கண்ணில் படாத மீன்கள்! அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சட்டென்று திரும்பி, கையைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாரும் எனக்கு இடது பக்கம் மேலே பாருங்க. படகுக்காரர் ஒருத்தர் கட்டின வீடா இருக்கலாம். மெதுவா வாங்க, படி வழுக்கும்.”

எதிரே ஒரு ஈ, காக்கா இல்லை.

மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அப்புறம் இன்னொன்று. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ஓஹோ, நீ கைடா? இங்கயும் கூட்டத்தைக் கொண்டாரத்தான் ஒத்திகை பாக்குறியா?”

அவர் பயத்திலும் நியாயம் உண்டு. பக்கத்துத் தெருவில் இப்படித்தான் யாரோ ஒரு வழிகாட்டி ஒரு நீலக் கதவைக் காட்டிப் படம் எடுக்க வைத்தார். இரண்டே வருஷத்தில் வீடெல்லாம் லாட்ஜ் ஆனது. குடியிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். இன்றைக்கு அங்கே கேட்பது பெட்டி உருளும் சத்தம் மட்டும்தான்.

அக்கா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜன்னல் சாத்திக்கொண்டது. அடுத்த இரண்டு செவ்வாயும் திறக்கவில்லை. உள்ளே மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டதாம். அந்த நாட்களில் பஸ்ஸில் மைக்கைப் பிடித்தவர் குரல் கம்மியிருந்தது. சளி என்றார், நானும் நம்பினேன்.

மூன்றாவது செவ்வாய் ஜன்னலைத் தட்டினார்.

“அக்கா, ஒரு தடவை வெளிய பாருங்க. எம் பின்னால யாராச்சும் இருக்காங்களா?”

தையல்காரம்மா திறந்து, வளைவுவரைக்கும் பார்த்தார். இந்தப் பக்கமும் பார்த்தார்.

“யாருமில்ல.”

“அன்னைக்கும் யாருமில்லக்கா. என்னைக்குமே யாருமில்ல. நல்லதா ஒண்ணு கண்ணுல பட்டா சொல்றதுக்கு ஆளு இல்ல. வாய்க்குப் பழக்கம், பேசிடுச்சு. சத்தியமா ஒருத்தரையும் கூட்டிட்டு வரமாட்டேன்.”

தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“நான் நம்புறேம்மா. தெரு நம்பாது. மேல் வீட்டுக்காரங்க இப்பவே என்னைத்தான் திட்டுறாங்க, நீதான் அவளைப் பழக்கினேன்னு. நீ இங்க வர வேணாம்.” அக்கா தலையாட்டிவிட்டுக் கிளம்பப் போனார். “இரு, சொல்லி முடிக்கல. நான் வரேன். உன் வீடு எங்க? வழி சொல்லு.”

மறுநாள் காலை, கூட்டம் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னார். ஊருக்கே வழி காட்டுகிறவர், அந்த ஜன்னலுக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாராம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிப்பதா, வாய்க்காலிலிருந்து ஆரம்பிப்பதா, எந்த முனையை அடையாளம் சொல்வது என்று ஒன்றும் ஓடவில்லை. எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

“யாரும் கேட்டதே இல்லியே தம்பி, எப்படித் தெரியும்?” என்று சிரித்தபடி ஒரு காகிதத்தை என் பக்கம் நீட்டினார். “எங்க வீட்டுக்கு எப்படி வரணும்னு நீயே ஒரு படம் போட்டுக் குடேன். வண்டி ஓட்டுறவன், உனக்குத் தெரியாத வழியா?”

பேனாவை வாங்கிக்கொண்டேன். பதினாறு வருஷமாக அவரைத் தினமும் அலுவலக வாசலில் ஏற்றி அலுவலக வாசலில் இறக்கிவிடுகிறேன். அவர் வீடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.