வேலியில் காய்ந்த பதினாலாம் நம்பர்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டெல்பரியில் கிளம்பிய வதந்தி இது: நாலாம் வருஷப் பையன் கோல்பி ரெயின்ஸை உட்கார வைத்துவிட்டார்கள், சனிக்கிழமை ஹாஸ்கின் கல்லூரிக்கு எதிராக ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணியை நடத்தப்போவது முதல் வருஷப் பொடியன் டிஷான் மேப்ரி. பெட்ரோல் பங்கில் இது வெறும் 'அப்படித்தான் பேசிக்கிறாங்க' என்ற அளவில் இருந்தது. வங்கி வாசலுக்கு வந்தபோது ரெயின்ஸ் கோச்சோடு கைகலப்பில் இறங்கியிருந்தான். சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குள் நுழைந்தபோது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். அவனுக்காக ஒரு ஜெபமும் செய்து முடித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் ரெயின்ஸ் கல்லூரி உணவுக்கூடத்தில் மூன்றாவது தட்டு வறுத்த கோழியை முடித்துக்கொண்டிருந்தான் என்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் வதந்தி கெட்டுவிடும்.

அலபாமாவின் இந்த மூலையில் கால்பந்தைக் காலால் தொடுவது எப்போதாவதுதான். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் கைக்கு வரும். அதை அவன் தூரத்தில் ஓடுகிறவனுக்கு வீசலாம். அல்லது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானே ஓடலாம். வீசுவதா, ஓடுவதா என்ற இந்த ஒரு கேள்வியில் டெல்பரி இரண்டு கட்சியாகி ரொம்ப காலம் ஆகிறது. ரெயின்ஸ் வீசினால் பந்து ஐம்பது கெஜம் போய் ஆள் மடியில் உட்காரும்; ஆனால் ஓடச்சொன்னால் நிறைமாத மாடு மாதிரி ஓடுவான். மேப்ரி ஓடினால் பிடிக்க ஆளில்லை. ஆனால் அவன் வீசும் பந்து எங்கே போகும் என்பது பந்துக்கே தெரியாது.

இந்த இரண்டு பேரைப் பற்றியும் ஊரிலேயே அதிகம் தெரிந்தவர், வாயே திறக்காத ஒருவர்: அணியின் துணி துவைக்கும் ஓசெல்லா ட்ரூயிட்.

இருபத்திரண்டு வருஷமாக டெல்பரி கல்லூரியின் வியர்வை மொத்தமும் அவர் கை வழியாகத்தான் போயிருக்கிறது. ஆட்டத்தை அவர் கற்றது சட்டைகளிலிருந்து. மார்பில் புல்கறை இருந்தால் இடித்து வீழ்த்தியவன். முதுகில் இருந்தால் வீழ்ந்தவன். எங்குமே கறை இல்லையென்றால் அவனுடைய அப்பா கல்லூரிக்கு நன்கொடை கொடுத்தவர். எந்தப் பையனுக்கு முட்டி வலி, எவன் பயிற்சியில் ஏமாற்றுகிறான், எவன் காதல் முறிந்து சோப்புகூடப் போடாமல் திரிகிறான் என்று எல்லாம் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டார். கணவர் லெனார்டுக்கே சொன்னதில்லை. மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற லெனார்டும் கேட்டதில்லை. அவருக்கு மீன்பிடிப்பதில்தான் பிரியம் என்பதால் ஊரில் அவரைக் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பார்கள்.

புதன்கிழமை காலை துணிக்கூடத்தின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. உதவிக் கோச் வாடெல் கையெழுத்து. கட்டடத்துக்குள்ளிருந்து யாரோ ரகசியத்தை வெளியே விடுகிறார்கள். அது துணிக்கூடம் என்று தெரிந்தால் துவைக்கும் வேலை வெளி ஆட்களிடம் போகும். வாடெலுக்குப் பெரிய ஊரில் ஒரு சலவைக் கம்பெனியைத் தெரியும். அந்தக் கம்பெனிக்கும் வாடெலைத் தெரியும்.

ஓசெல்லா காகிதத்தை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருஷம் வாயை மூடியிருந்ததற்குக் கிடைத்த பரிசு. மேலங்கியை மாட்டிக்கொண்டு, வதந்தி எங்கே பிறந்தது என்று பார்க்க நேராக நெடுஞ்சாலை ஓரத்து உணவுக்கடைக்குப் போனார்.

அங்கே மூலை மேசையில் வழக்கமான இரண்டு பேர். வெர்னான் கிரிம்ஸ்லி தீவனக்கடைக்காரர், வீச்சுக் கட்சி. ஹோயட் லாஸிட்டர் பள்ளி பஸ் ஓட்டுகிறவர், ஓட்டக் கட்சி. பதினோரு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். வேறு மேசையில் உட்கார்ந்தால் குரல் எட்டாது என்பதுதான் காரணம்.

"யோவ் வெர்னான், உன் ரெயின்ஸ் கதை முடிஞ்சுதுய்யா!" ஹோயட் முள்கரண்டியை ஆட்டினார். "இனிமே ஓட்டம்தான். தரையில பந்து, தலைக்கு மேல வானம். ஆண்டவன் அப்படித்தான் படைச்சான்."

"ஆண்டவன் கையையும்தானய்யா படைச்சான்? எதுக்கு? உன்னை மாதிரி கிரேவி வழிச்சுத் திங்கவா?"

"மேப்ரி கால் இருக்கே..."

"கால் இருக்கு. கண்ணு இருக்கா? போன வாரம் அவன் வீசுன பந்து வாத்தியக் கோஷ்டில டிரம் அடிக்கிறவன் மண்டையில விழுந்துச்சு!"

"டிரம் சத்தம் நின்னுச்சுல்ல? ஊருக்கே நல்லது."

ஓசெல்லா அவர்கள் எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சட்டென்று மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார்கள். கல்யாணமானவர் என்றாலும் மரியாதைக்கு ஊரில் எல்லோருக்கும் அவர் 'மிஸ்' ஓசெல்லாதான்.

"இந்தக் கதைய உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார் ஓசெல்லா.

வெர்னான் ஹோயட்டைப் பார்த்தார். ஹோயட் உப்புக் குப்பியைப் பார்த்தார்.

"என்ன மிஸ் ஓசெல்லா இப்படிக் கேக்கறீங்க," என்றார் வெர்னான் கடைசியில். "நீங்கதான் சொன்னீங்க."

"நானா? எப்போ?"

"நேத்து காலையில. உங்க வேலி சொல்லுச்சு. என் கடை ஜன்னலுக்கு நேரா."

ஓசெல்லாவுக்கு விஷயம் புரிந்தது. திங்கட்கிழமை பெரிய உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது. பாகம் வர வெள்ளி ஆகும் என்றார்கள். செவ்வாய் காலை தொண்ணூற்றுச் சொச்சம் சட்டைகளையும் கூடத்தின் பின்னால் கம்பி வேலியில் வரிசையாக மாட்டினார். பயிற்சியில் குவார்ட்டர்பேக்குகளுக்கு மட்டும் சிவப்புச் சட்டை. சிவப்பைக் கண்டால் யாரும் இடிக்கக் கூடாது என்று அர்த்தம். பந்தோடு ஓடும் மற்றவர்களுக்கு வெள்ளை, அவர்களைத் தடுப்பவர்களுக்கு நீலம். அந்த வேலியில் மேப்ரியின் ஏழாம் நம்பர் சிவப்பாகக் காய்ந்தது. ரெயின்ஸின் பதினாலாம் நம்பர் வெள்ளையாகக் காய்ந்தது.

"சிவப்பு போச்சுன்னா ஆளு அந்த இடத்துல இல்லன்னுதானே அர்த்தம்?" என்றார் ஹோயட். "நாங்க என்ன படிக்கத் தெரியாதவங்களா?"

ஓசெல்லா எழுந்தார். சிவப்புப் பதினாலின் தோள் கிழிந்து அவருடைய தையல் கூடையில் கிடந்தது. திங்கள் பயிற்சியில் யாரும் யாரையும் இடிப்பதில்லை என்பதால் பழைய வெள்ளைப் பதினாலு ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொன்னால் அதுவும் ஒரு ரகசியத்தை வெளியே விட்டதாகும். பேசாமல் கதவைத் திறந்துகொண்டு போனார்.

"பாத்தியா, மறுக்கல," என்றார் ஹோயட், பின்னால்.

தலைமைக் கோச் பிக்கென்ஸ் பெரிய உடம்பு, சின்னக் குரல். ஓசெல்லா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஓரத்தில் வாடெல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"தப்பு என்னோடதுதான் கோச். வாயால போகல, வேலியால போச்சு. இன்னிக்கு சிவப்பத் தச்சு மாட்டிடறேன், ஊரு அடங்கிடும்."

கோச் பென்சிலால் காதைச் சொறிந்தார். "மிஸ் ஓசெல்லா, இது ஹாஸ்கின் வரைக்கும் போயிருக்குமா?"

"வெர்னானோட மச்சினி அங்கதான் இருக்கா. நேத்து சாயங்காலமே போயிருக்கும்."

"அப்போ அவங்க இப்ப ஓட்டத்தத் தடுக்கத்தான் பழகிட்டிருப்பாங்க." கோச்சின் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு ஊர்ந்தது. "சிவப்ப மாட்டாதீங்க. வெள்ளையே தொங்கட்டும்."

"முடியாது கோச்."

வாடெல் இருமினார்.

"போட்டதத் துவைப்பேன், துவைச்சத மாட்டுவேன்," என்றார் ஓசெல்லா. "பையன் சிவப்பு போட்டா சிவப்புதான் வேலியில இருக்கும். என் வேலி பொய் சொல்லாது. வேற மாதிரி வேணும்னா நீங்க அவனுக்கு வேற சட்டை போடுங்க."

கோச் பென்சிலைக் கீழே வைத்தார். "சரி, போடறேன். ஆனா ஒண்ணு. சனிக்கிழமை ஜெயிச்சா இது தந்திரம். தோத்தா இது ரகசியக் கசிவு. அப்புறம் வாடெலோட காகிதம்தான் பேசும். அதுக்கு மேல என் கையில இல்ல."

அப்படித்தான் ஓசெல்லாவின் இருபத்திரண்டு வருஷ வேலை ஒரு கொழுத்த பையனின் வலது கையில் போய் உட்கார்ந்தது.

புதனும் வியாழனும் ரெயின்ஸ் வெள்ளைச் சட்டையோடு பயிற்சி செய்தான். "வெள்ளையா இருந்தாலும் மனசுல சிவப்புன்னு நெனைச்சுக்கங்கடா," என்று கோச் தடுப்பவர்களிடம் பத்துத் தடவை சொன்னார். நூற்று முப்பது கிலோ எடையுள்ள புபா டில்லி என்பவனின் மனதுக்கு அவ்வளவு கற்பனை போதவில்லை. வியாழன் சாயங்காலம் ரெயின்ஸைச் சேற்றில் தட்டையாக்கினான்.

"மன்னிச்சுக்கங்க கோச்," என்றான், முகமெல்லாம் மலர்ந்து. "மூணு வருஷமா இதுக்குத்தான் ஏங்கிட்டு இருந்தேன்."

ரெயின்ஸ் சேற்றிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்தான். அந்தச் சட்டையை ஓசெல்லா இரண்டு தடவை அலசி வேலியில் மாட்டினார். முதுகில் கறை லேசாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை அதைப் பார்த்த ஊருக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

உணவுக்கடையில் மட்டும் யாரும் எதிர்பாராதது நடந்திருந்தது. பதினோரு வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டதால் ஹோயட்டுக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஓடிக்கிட்டே இருந்தா அவங்க சும்மா இருப்பாங்களாய்யா?" என்றார், தட்டைத் தள்ளிவிட்டு. "எல்லாரும் முன்னாடி வந்து மறிச்சுக்குவாங்க. ஒரு வீச்சாவது வேணும்ல? ரெயின்ஸை இப்படியா ஒதுக்கறது?"

"என்னய்யா புரியாம பேசற?" வெர்னான் மேசையில் தட்டினார். அவர் மூன்று நாளாக மேப்ரியின் கால்களிடம் மனதைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார். "அந்தப் பய ஓடறதப் பாத்திருக்கியா? வீச்சு வீச்சுன்னு நாம இழந்தது போதும்!"

"வீசாம ஜெயிச்சவன் உண்டா?"

"ஓடாம ஜெயிச்சவன் உண்டா?"

அதே சண்டை, அதே சத்தம். ஆள் மட்டும் இடம் மாறியிருந்தது. காபி ஊற்ற வந்த பெண் மட்டும் அதைக் கவனித்தாள். ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த மேசையில் ஓசெல்லா தனியாக ஒரு முட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். வெர்னான் குனிந்து கேட்டார்: "மிஸ் ஓசெல்லா, நீங்களாவது சொல்லுங்க. ஓட்டம்தானே?"

"உப்பக் குடு," என்றார் ஓசெல்லா. அதற்கு என்ன பொருள் என்று இருவரும் அரைமணி நேரம் ஆராய்ந்தார்கள்.

சனிக்கிழமை மைதானத்தில் ஆறாயிரம் பேர். ஊரில் ஐயாயிரம் பேர்தான். அணியின் சின்னமான கோவேறு கழுதையை ஒரு சுற்று இழுத்துவந்து நிறுத்தினார்கள். ரெயின்ஸ் பதினாலாம் நம்பரோடு ஓடி வந்து மேப்ரி நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும், ஆறாயிரம் வாயும் ஒன்றாகத் திறந்தன. ஹாஸ்கின் ஆட்கள் ஒன்பது பேர் ஓட்டத்தை மறிக்க முன்னால் வந்து குவிந்திருந்தார்கள். ரெயின்ஸ் அவர்கள் தலைக்கு மேல் வீசினான். பின்னால் ஓடியவனைத் துரத்தக்கூட ஆளில்லை. அவன் ஆறு புள்ளி தரும் எல்லைக்கோட்டைத் தாண்டி, திரும்பிப் பார்த்து, கூச்சத்தோடு பந்தைக் கீழே வைத்தான்.

தந்திரத்துக்கு ஆயுசு பதினைந்து நிமிஷம்தான். அதற்குள் ஹாஸ்கினுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் தள்ளி நின்றார்கள், வீச்சுகளைத் தட்டிவிட்டார்கள், ஒன்றைப் பறித்துக்கொண்டும் போனார்கள். கடைசி அரை நிமிஷத்தில் டெல்பரி நாலு புள்ளி பின்னால் இருந்தது. பந்து கோட்டுக்கு ஐந்து கெஜம் முன்னால். மிச்சம் ஒரு வாய்ப்பு. ஓரத்தில் துவாலைகளோடு நின்ற ஓசெல்லா வாடெலின் பக்கம் பார்க்கவில்லை. வாடெல் அவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோச் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கூப்பிட்டார். ரெயின்ஸ் நொண்டிக்கொண்டு வந்தான். கணுக்காலில் ஷூ வாயைப் பிளந்திருந்தது. "கயிறு அறுந்துடுச்சு கோச்!"

சாமான் பெட்டி மைதானத்தின் மறு கோடியில் இருந்தது. ஓசெல்லா தரையில் உட்கார்ந்தார், தன் இடது ஷூவிலிருந்து மஞ்சள் கயிற்றை ஒரே இழுப்பில் உருவினார்.

"காலக் காட்டு கண்ணு."

"இது மஞ்சளா இருக்கே மிஸ் ஓசெல்லா..."

"உனக்கு என்ன கல்யாணமா? காட்டு!"

கட்டி முடித்து நிமிர்ந்தபோது ஒரு வாக்கியம் தானாக வாயிலிருந்து வந்துவிட்டது. ஆட்டத்தைப் பற்றி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. "கோச், அவங்க சட்டைல முன்பக்கம் ஒரு கறை இல்ல. எல்லாரும் பின்னாலயே நிக்கறாங்க. இவன் ஓடுவான்னு ஒருத்தனுக்கும் தோணாது."

கோச் அவரைப் பார்த்தார். ரெயின்ஸைப் பார்த்தார். நாலு வருஷத்தில் அவன் ஓடிச் சேர்த்தது மொத்தம் ஒன்பது கெஜம்.

"எனக்கே தோணலையே," என்றார் கோச். "ஓடு."

ரெயின்ஸ் வீசுவதுபோல் கையை ஓங்கினான். ஹாஸ்கின் மொத்தமும் ஆகாயத்தைப் பார்த்தது. அவன் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடினான். அதை ஓட்டம் என்பது கருணை. ஐந்து கெஜம் கடக்க ஒரு கால்வாசி ஆயுள் ஆனது போலிருந்தது. கடைசி கெஜத்தில், எடைக்காகக் கோச் உள்ளே அனுப்பியிருந்த புபா டில்லி பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினான். இரண்டு பேரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குவியலாக விழுந்தார்கள்.

பார்வையாளர் வரிசையில் வெர்னானும் ஹோயட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்கள்: "நான்தான் அப்பவே சொன்னேனே!" இரண்டு பேர் சொன்னதும் உண்மை. எந்த நாளில் எதைச் சொன்னார்கள் என்பதுதான் சிக்கல்.

திங்கட்கிழமை துணிக்கூடத்தின் கதவில் காகிதம் இல்லை. வாடெல் தன் கையாலேயே கிழித்தார் என்று கேள்வி. நாலு மூலையிலும் ஒட்டுத்தாள் மட்டும் மிச்சம். கோச் உள்ளே வந்து, அடுத்த வாரத்துக்கு வீசுவதா ஓடுவதா என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார். ஓசெல்லா சோப்புத்தூளை அளந்தபடி, "துணியப் பாத்துட்டு சொல்றேன்," என்றார்.

பிறகு ரெயின்ஸ் வந்து தன் மூட்டையைப் போட்டான். ஓசெல்லா துழாவிப் பார்த்தார்.

"என் கயிறு எங்க?"

"அது... வந்து... அத அவுக்கக்கூடாதுன்னு பசங்க சொல்றாங்க. சீசன் முடியற வரைக்கும்."

"துவைக்கவாவது குடு கண்ணு. நாறும்."

"துவைச்சா ராசி போயிடும் மிஸ் ஓசெல்லா. சத்தியமா குடுத்துடறேன். கடைசி ஆட்டம் முடியட்டும்."

கடைசி ஆட்டமும் முடிந்துவிட்டது. ரெயின்ஸ் வசந்தத்தில் பட்டமும் வாங்கிவிட்டான். ஓசெல்லாவின் வலது ஷூவில் மஞ்சள் கயிறு, இடது ஷூவில் துணிமூட்டை கட்டும் வெள்ளைச் சணல். கடையில் புதுக் கயிறு கிடைக்கும், ஒரு ஜோடியாகவே கிடைக்கும். அவர் வாங்குவதாக இல்லை. கொடுக்க வேண்டியது அவன்.