மேற்குச் சுவருக்கு மூன்று புங்கை

பதினோரு வாடகை வீடு மாறிய பிறகு, கரமனை ஆற்றைத் தாண்டி ஒரு சின்ன வீடு வாங்கினேன். மேற்கே மறைப்பென்று எதுவும் கிடையாது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த சுவர் விடியும்வரை அனல் மூச்சு விடும். போன கோடையில் கைக்குழந்தையோடு புனேயிலிருந்து வந்த மகள் இரண்டே நாள்தான் இருந்தாள்.

"அப்பா, இந்த ரூம்ல குழந்தை ஒறங்கவே மாட்டேங்கறா."

மூன்றாம் நாள் ரயிலேறிவிட்டாள். அடுத்த லீவுக்குள் அந்த ரூமின் மேற்கு ஜன்னலுக்கு நிழல் வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும், தென்காசிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஆளுயரப் புங்கை மூன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வேர்மண் உதிராமல் ஈரச்சாக்குக் கட்டு. தண்டில் சுண்ணாம்புப் பொட்டு: பழைய இடத்தில் கிழக்கே பார்த்த பக்கம் இங்கேயும் கிழக்கே பார்க்க வேண்டுமாம். என்னை எந்த வீட்டிலும் யாரும் அப்படித் திருப்பி வைத்ததில்லை. ஜன்னலோரம் இரண்டும் வேலியோரம் ஒன்றுமாக நட்டுவிட்டு, ஈரம் வற்றாதிருக்க இலைகளை உருவிப் போட்டார். நின்றது மூன்று குச்சி.

"உயிர் இருக்கான்னு எப்படி அண்ணாச்சி தெரியும்?" என்று கேட்டேன்.

"நகத்தால லேசாக் கீறிப் பாருங்க சாரே. உள்ள பச்சை தெரிஞ்சா இருக்கு."

கீறினேன். பச்சை! அந்த ஈரத்துக்காக மறுநாளும் கீறினேன். அப்புறம் காப்பி குடித்ததும், மழை விட்டதும், சும்மாவும். அந்த வீட்டில் நான் கேட்டதும் பதில் சொன்னது அது ஒன்றுதான். வேலியோரத்து மூன்றாவது மட்டும் சேற்றுக்குள் இருந்ததால் தப்பியது.

ஒரு மாதம் கழித்து வந்த தோட்டக்காரர் குனிந்து பார்த்தார். ஜன்னலோரத்து இரண்டிலும் பட்டை சுற்றிலும் போய், தண்டு காய்ந்திருந்தது.

"ஆசுபத்திரில கூட நாளுக்கு ஒருக்காத்தான் ரத்தம் எடுப்பாவ. நீங்க தோலையே உரிச்சிட்டியளே சாரே!"

"அந்த மூணாவது?"

"பொழைச்சிக்கிடும். நீங்க அந்தப் பக்கம் போவாம இருந்தாச் சரி."

அது தளிர்த்தது, ஜன்னலுக்கு எட்டாத மூலையில். மகளுக்குப் போன் செய்தேன்.

"இந்த லீவுக்கு வரவேண்டாம்மா. நிழல் ஆகலை. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ஏசி வாங்கேன் என்று திட்டுவாள், எப்படியும் வருவேன் என்பாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"சரிப்பா," என்றாள், உடனே.

வெளியே மழை வெறித்து நாலு மணி வெயில் அடித்தது. இறங்கிப் போய் ஜன்னலுக்கு வெளியே, வெயிலை மறைத்தாற்போல நின்றேன். என் நிழல் சுவரில் விழுந்தது. கொஞ்ச நேரம் அங்கிருந்து நகரவில்லை.