பதினெட்டுக் குடம் கடல்

போன புதன்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டி உடைவதைப் பார்த்தேன். அதற்கென்றே இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போனேன் என்றால் சிரிப்பீர்கள். என் பக்கத்தில் நின்ற கலாவதியோ, அன்றைய மீன் வியாபாரத்தையே விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஒரு கட்டி உடைவதில் என்ன இருக்கிறது? இருபத்தெட்டு நாள் கதை இருக்கிறது. தேதிப்படியே சொல்கிறேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே!

எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவர் நஸ்ரீன். அண்ணன்கள் இருவரும் துபாயில் கட்டடம் கட்டுகிறார்கள். தங்கை இங்கே பொறியியல் கல்லூரியில், கட்டடம் எதனால் நிற்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுடுகிறார்கள் அல்லவா? அடுப்பிலிருந்து மட்டுமல்ல, அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறதாம். அதனால் சிமெண்டைக் குறைத்து, அந்த இடத்தில் உமிச்சாம்பலைச் சேர்த்துப் பார்க்கிறார் நஸ்ரீன். சாம்பல் சுரக்குடிப் பக்கத்து அரிசி ஆலையிலிருந்து வருகிறது. நாம் சோறாகத் தின்றதன் மிச்சம், தரையாகப் போகிறது!

பரிசோதனைக்கு இடம் கொடுத்தது காரைக்கால்மேடு மீனவர் கிராமம். மீன் ஏலம் போடும் திடலில் ஒரு மூலையைச் சமப்படுத்தித் தந்தார்கள். அங்கே ஒரு புதன்கிழமை, கம்பி இல்லாத தளம் ஒன்று போடப்பட்டது. அதே கலவையில் மூன்று கட்டிகளும் வார்த்துப் பக்கத்திலேயே வைத்தார்கள். இருபத்தெட்டாம் நாள் அந்தக் கட்டிகளை உடைத்துப் பார்ப்பார்கள். தேறினால் திடல் முழுக்க உமிச்சாம்பல் தளம். தேறாவிட்டால் போட்டதையும் பெயர்த்துவிட்டு வழக்கமான சிமெண்ட். ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவரான மணிவண்ணன் இதைக் கறாராகச் சொல்லிவிட்டார். நஸ்ரீனுடைய இரண்டு வருட உழைப்பு அந்த மூன்று கட்டிகளுக்குள் இருந்தது.

“எப்பம்மா காயும்? ஏறி நிக்கணும்ல?” என்று கேட்டார் மணிவண்ணன்.

“காயவே கூடாதுண்ணே. சிமெண்ட் காய்ஞ்சு இறுகுறதில்ல. தண்ணியோட சேர்ந்து சேர்ந்துதான் இறுகுது. சாம்பல் இன்னும் மெதுவா சேரும். ரெண்டு வாரத்துக்கு ஈரம் போவாம பாத்துக்கணும்.”

இத்தனை வயதில் எனக்கும் அது புதுச் செய்தி. கான்கிரீட் காய்கிறது என்றுதானே நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

தளத்தின் மேல் சாக்கு விரித்து, தினமும் தண்ணீர் ஊற்றும் வேலையைப் பக்கத்தில் கடை போடும் மீன்காரப் பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி கலாவதி. திடலில் குழாய் கிடையாது. லாரி வந்து டிரம்மை நிரப்பிவிட்டுப் போகும். நஸ்ரீன் வேலையாகச் சென்னை போக வேண்டியிருந்ததால், கணக்காகக் குறித்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

“மாமா, நீங்கதான் பல்லு விளக்குறதுக்குக்கூட தேதி போடுவீங்களே...”

விட முடியுமா? கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். நாள், நேரம், எத்தனை குடம், குறிப்பு, காரணம் — ஐந்து பத்திகள். தினமும் காலை ஏழு மணிக்குத் திடலில் ஆஜர்.

ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. நான் போனபோது சாக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கலாவதி முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

“லாரி வரல சாரு. டிரம்மு காலி. விட்டுடுவமா? நாங்களே கடல்லேர்ந்து மொண்டாந்து ஊத்திட்டோம். பதினெட்டுக் குடம்!”

எழுதப் போன பேனாவை மூடினேன். உப்புத் தண்ணீர்!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் திடலில் தரை, கூடை, தராசு எல்லாவற்றையும் கழுவுவது கடல் நீர்தான். தினமும் அதே கடல், அதே குடம். உப்பு கான்கிரீட்டுக்கு ஆகாது என்று நான் சொன்னதும் கலாவதி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“அய்யய்யோ... அந்தப் புள்ள படிப்ப நானே கெடுத்துட்டனா?”

மணிவண்ணன் என்னைத் தனியே அழைத்துப் போனார். “அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க சார். பாப்பாவுக்கும் நல்லது, இந்த அக்காவுக்கும் நல்லது. கடலா வந்து சாட்சி சொல்லப் போவுது?”

உண்மையைச் சொல்கிறேன் — ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். பதினெட்டுக் குடத்தையும் சொன்னேன். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன்.

“எத்தனை மணிக்கு மாமா ஊத்துனாங்க? கட்டி மேலயும் ஊத்துனாங்களா?”

“ஆமாம்மா. ஆறரைக்கு. மூணு கட்டி மேலயும்.”

“சரி, அப்படியே எழுதிடுங்க. இனிமே நல்ல தண்ணி மட்டும். அக்காவத் திட்டிடாதீங்க, பாவம்.”

எழுதினேன். ‘கடல் நீர், பதினெட்டுக் குடம், காலை 6.30.’ கடைசிப் பத்தியில், காரணம்: ‘அறியாமை.’ அதே பெண்கள் அன்றே தெருக்குழாயிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார்கள். அதையும் எழுதினேன்.

இப்போது புதன்கிழமைக்கு வருவோம். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் ஓர் இயந்திரம். இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே கட்டியை வைத்து, மெல்ல மெல்ல அழுத்துகிறார்கள். எட்ட வேண்டிய எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தார் நஸ்ரீன்.

“இம்புட்டுப் பாடுபட்டு செஞ்சத எதுக்கு உடைக்கிற?” என்றார் கலாவதி.

“உடைச்சாத்தான்க்கா எவ்வளவு தாங்குதுன்னு தெரியும்.”

“நல்ல படிப்புடி இது!”

திரையில் எண் ஏறியது. சீட்டிலிருந்த எண்ணைத் தாண்டியது. அதற்குமேலும் ஏறி... படீர்! கலாவதி காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது கட்டியும் தேறியது. மூன்றாவது மட்டும் சீட்டு எண்ணுக்கு ஒரு முடி கீழே உடைந்தது. சராசரி பார்த்ததில் பாஸ்!

நஸ்ரீன் “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம். அடுத்த நொடி எழுத உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது கட்டியின் எண்ணையும் ஒளிக்காமல் எழுதினார்.

“உப்புத் தண்ணி ஊத்தியே தேறிடுச்சே! அப்ப அது நல்லதுதானோ?” — இது நான்.

“அப்படிச் சொல்லவே கூடாது மாமா. இதுல கம்பி இல்ல, அதனால பொழைச்சோம். கம்பி இருந்தா உப்பு உள்ள போயி துரு ஏத்திடும். ஒரு நாள் பட்டதுல என்ன ஆச்சுன்னு இன்னும் பல வருஷம் பாக்கணும். மூணு கட்டிய வச்சு முடிவு சொல்லிட முடியாது.”

ஜெயித்த நிமிடத்தில் தன் வெற்றியின் அளவை இவ்வளவு சரியாகச் சொன்ன ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. நாமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இந்நேரம் ‘கடல் நீரில் கான்கிரீட் — காரைக்கால் பெண் சாதனை’ என்று ஓடியிருக்கும்!

மணிவண்ணனுக்குப் போனில் சொன்னோம். “அப்ப மிச்சத் திடலையும் போட்டுடச் சொல்லுங்க. லாரிக்காரன நான் பாத்துக்கறேன்” என்றார்.

கிளம்பும்போது நஸ்ரீன் என் நோட்டைத் திருப்பித் தந்தார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் வரியில், நான் எழுதிய ‘அறியாமை’யின் மேல் ஒரே ஒரு கோடு — அடித்தது என்னவென்று படிக்க முடிகிற மாதிரி. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில்: ‘காரணம்: நல்ல தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நஸ்ரீன்.’

வீட்டுக்கு வந்ததும் என் பழைய டைரிகளை எடுத்துப் புரட்டினேன். தப்பாய்ப் போன காரியங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன, தேதியோடு, காரணத்தோடு. ‘நான்’ என்ற காரணத்தைத்தான் நான்கு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்... இதுவரை கிடைக்கவில்லை!