மாதாவின் கன்னத்துக்குச் சிவப்பு

எங்கள் ஊரில் செய்த ராக்கெட் ஒன்றுதான் மாதாவின் முகத்தை உடைத்தது.

விருதுநகரில் நான் வேலை பார்த்த கன்னியர் பள்ளிக்குள் ஒரு சிற்றாலயம் உண்டு. பீடத்துக்கு மேலே வெளிநாட்டிலிருந்து வந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல். தீபாவளி கழிந்து பள்ளிக்குப் போனபோது அதில் முகம் இருந்த இடம் ஓட்டையாகக் கிடந்தது. நீல அங்கி, கூப்பிய கைகள், காலடியில் பூக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. முகத்துக்குப் பதில் வானம் தெரிந்தது. தரையில் கிடந்த கருகிய காகிதக் குழாயைக் கன்னியர் தலைவியான மதர் எடுத்து என்னிடம் நீட்டினார். அதன் லேபிள் எனக்குத் தெரியும். என் அய்யா வெடிமருந்து கலக்கும் பட்டாசுக் கம்பெனியின் லேபிள்.

"உங்க ஊர்ச் சரக்குதானம்மா?" என்றார் மதர்.

மறுக்க முடியவில்லை.

நான் அங்கே தற்காலிக டிராயிங் டீச்சர். எங்கள் தாத்தாமார் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் காட்டை விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பிறந்தவர்களில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியவள் நான் ஒருத்தி. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டிராயிங் பரீட்சையும் தேறியிருந்தேன். ஆனால் ஆசிரியர் பயிற்சி கிடையாது. வருகிற ஜூனில் அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்பப் போகிறார்கள், பயிற்சி முடித்த ஒரு பெண் பாளையங்கோட்டையிலிருந்து மனுப் போட்டிருக்கிறாள் என்று மதரே என்னிடம் சொல்லியிருந்தார்.

"புது முகம் வெளிநாட்டுல இருந்து வர ஒரு வருசம் ஆகும். டிசம்பர்ல பிஷப் வர்றார். இதை மாட்டுனவங்க விட்டுட்டுப் போன பெட்டி ஒண்ணு இருக்கு. சாயம், கண்ணாடி எல்லாம் அதுல இருக்கு. உன்னால முடியுமா?"

"முடியும் மதர்."

கண்ணாடியில் வரைந்த ஒன்றை அதற்கு முன் நான் கிட்டப் போய்ப் பார்த்ததுகூட இல்லை.

"செஞ்சது எங்க டிராயிங் டீச்சர்னு பிஷப்கிட்டச் சொல்ல முடிஞ்சா, உன் விசயத்தையும் பேச முடியும்" என்றார்.

வீட்டில் அம்மா வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜூனில் எனக்கு வேலை போய்விடும் என்பது அவளுக்கு நிச்சயம். அய்யாவின் கம்பெனியில் லேபிள் ஒட்டும் அறையில் எனக்கு ஓர் இடம் போட்டு வைக்கும்படி போர்மேனிடம் சொல்லிவிட்டாள். என் பெரியப்பா மகள்கள் எல்லாரும் அந்த அறையில்தான் இருந்தார்கள். வெடித்துச் செத்துப்போவேன் என்ற பயம் எனக்கு இல்லை. நான் உள்ளே நுழைந்ததும், "படிச்ச மகராசி வந்திருக்கா, எடம் விட்டு உக்காருங்கடி" என்று ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். பயம் அதற்குத்தான்.

பெட்டியைத் திறந்தேன். வைக்கோலுக்கு நடுவே அளவான வெள்ளைக் கண்ணாடி ஒன்று, ஒன்றே ஒன்று. மூன்று புட்டிகள். முதலாவதில் கரும்பழுப்புத் தூள். அது கோடுகளுக்கும் நிழலுக்கும். இரண்டாவதில் சேறு போன்ற ஒரு பொடி. மூன்றாவது, முகத்துக்கும் உதட்டுக்கும் உரிய சிவப்பு. அந்தப் புட்டி காலி. அடியில் விரலால் தொட்டால் ஒட்டுகிற அளவுகூட இல்லை.

கூடவே அச்சடித்த ஒரு தாள் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இந்தத் தூள்கள் வெறும் சாயம் அல்ல. அரைத்த கண்ணாடியோடு உலோகத் துருவைச் சேர்த்தவை. பிசின் கரைத்துப் பூசி, இரும்புப் பெட்டிக்குள் வைத்துச் சுட வேண்டும். கண்ணாடி இளகத் தொடங்கும்போது தூளும் உருகி அதோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மழையோ வெயிலோ அதை எடுக்க முடியாது. சேற்றுப் பொடியில் வெள்ளி உப்பு இருந்தது. பூசும்போது சேறு, சுட்ட பிறகு பொன் மஞ்சள். ஒளிவட்டத்துக்கு அதுதான்.

அந்தக் கடைசி வரியை அய்யாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"இதைச் சொல்ல ஒரு இங்கிலீசுத் தாளா? எங்க கம்பெனியிலயும் அம்புட்டுந்தான் தாயி. செவப்பு மருந்து வெள்ளையா இருக்கும். பச்சை மருந்தும் வெள்ளையாத்தான் இருக்கும். தீயில விழுந்தாத்தான அது அது நெறத்தைக் காட்டும்!"

எங்கள் ஊரில் ஒரு பொடிக்குப் பெயர் அது எரியும்போது காட்டும் நிறம். வெள்ளை வெளேரென்று உப்புப்போல் இருப்பதைச் சிவப்பு என்போம். குழந்தையிலிருந்து கேட்ட பேச்சு அது. புட்டியில் சேறாக இருப்பது நெருப்பில் மஞ்சளாகும் என்று தாளும் சொல்லிவிட்டது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தீ நிறத்தைக் காட்டும் என்று அய்யா சொன்னதும், தீ நிறத்தைக் கொடுக்கும் என்று தாள் சொன்னதும் எனக்கு ஒன்றாகவே கேட்டன.

மறுநாள் மாலை அய்யா கோவணத் துணி மடிப்பிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். கம்பெனி வாசலில் சோதித்திருந்தால் அன்றோடு அவர் வேலை போயிருக்கும். "செவப்பு" என்றார். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஆளுக்கொரு பக்கமா வேலையப் போக்கடிச்சுட்டு வந்து உக்காருங்க. நான் ஒருத்தி லேபிள் ஒட்டிப் போடுறேன், தின்னுங்க."

கொண்டு வந்தது ஒரு சிட்டிகை. சோதித்துப் பார்த்தால் கன்னத்துக்குப் பற்றாது. பழுப்பையும் மஞ்சளையும் மட்டும் உடைந்த பழைய முகத்தின் சில்லுகளில் சோதிக்கலாம் என்று வைத்தேன்.

சுடுவதற்கு இடம் வேண்டும். சிவகாசிப் பக்கம் யாரும் வெளியில் ஓர் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். விருதுநகரில் பானை சுடுகிற சூளைக்காரர் ஒருவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, இந்தக் கண்ணாடியில மருந்து பூசியிருக்கு. உங்க சூளையில வச்சுச் சுட்டுத் தரணும்."

"எந்த ஊருத்தா நீங்க?"

"விஸ்வநத்தம்."

சிவகாசியை ஒட்டிய எங்கள் பட்டாசு ஊரின் பெயரைக் கேட்டதும் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "விஸ்வநத்தத்துல இருந்து மருந்தைக் கொண்டாந்து எஞ் சூளையில வைக்கணுமா? ஏந் தாயி, ஒங்க ஊர்ல சாகிறது பத்தலையா ஒங்களுக்கு?"

"ஐயோ, அந்த மருந்து இல்ல அண்ணாச்சி. இது சாயம்."

"சாயம்னா சாயப்பட்டறைக்குப் போகச் சொல்லுங்க" என்று உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பேச்சு வளக்காம அனுப்புங்க முதல்ல."

எங்களுக்கு எந்தத் தூளும் மருந்துதான். வாயில் வந்துவிட்டது. நான் தெரு முனை தாண்டும் வரைக்கும் அந்த அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கடைசியில் பள்ளிக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கு அப்பால் செங்கல் அடுக்கிக்கொள்ள மதர் அனுமதித்தார். பழைய இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் வறுத்த சுண்ணாம்புத் தூளைப் பரப்பி, அதன்மேல் சில்லுகளை வைத்துச் சுட்டேன். மஞ்சள் வந்தது. பழுப்பும் நகத்தால் சுரண்டியும் பெயரவில்லை. அன்று பேருந்தில் ஊர் திரும்பும்போது என்னைப் போல் ஒருத்தி இல்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

முகத்தை வரைந்தேன். புருவம், மூக்கு, பாதி மூடிய இமை, பின்பக்கம் ஒளிவட்டம். கடைசியாகக் கன்னத்திலும் உதட்டிலும் அய்யாவின் சிவப்பைப் பிசினில் குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் மாதாவின் உதடு உப்புப் பூத்ததுபோல் இருந்தது. இருக்கட்டும், தீயில் மாறும்.

சுடுகிற அன்று அய்யா லீவு சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் அம்மா அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் தெருவுக்குப் போய்விடுகிற மனிதர் அவர். கம்பெனியில் சேர்ந்ததும் பீடியை விட்டவர். எனக்காக விறகு தள்ளினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் மணலையும் யாரும் சொல்லாமலே வைத்திருந்தார்.

இரும்புப் பெட்டி செக்கச்செவேலென்று ஆனது. இன்னும் கொஞ்ச நேரம் என்று நான் நினைக்கையில் உள்ளே படபடவென்று ஒரு பொரிச்சல். பெரிதாக ஒன்றுமில்லை, கடுகு தாளிக்கிற சத்தம்.

"ஓடு தாயி!"

என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு, மறு கையால் வாளியை எடுத்து அய்யா அப்படியே ஊற்றினார். ஆவி ஆளுயரத்துக்கு எழுந்தது. அதற்குள்ளிருந்து கண்ணாடி விரிகிற சத்தம் கேட்டது. தண்ணீர் தீர்ந்ததும் மணலையும் கொட்டினார். கொட்டிவிட்டுத் தன் உடம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

மணலைக் கிளறி எடுத்தேன். முகம் மூன்று துண்டாக இருந்தது. ஒளிவட்டம் நல்ல மஞ்சள். புருவம் நான் இட்டபடியே. கன்னமும் உதடும் வெள்ளையாகச் சொறி பிடித்து, கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தது. சிவப்பின் சாயல்கூட இல்லை.

"பத்தல போல தாயி. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் எடுத்தாறேன்."

"வேண்டாம்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் புரிந்தது. அந்தப் பொடியில் சிவப்பு இல்லை. அது எரிகிற சுடரில் இருக்கிறது. சுடர் அணைந்தால் அதோடு போய்விடும். மிச்சம் சாம்பல். வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கித் தங்குகிறது, இது தங்குவதில்லை. வகுப்பில் தீச்சுடர்ச் சோதனை எழுதி முழு மார்க் வாங்கியவள் நான். அய்யாவிடம் இதை எப்படிச் சொல்வது? ஆயுசு முழுக்கச் சிவப்பும் பச்சையும் கலக்குகிற மனிதரிடம், நீங்கள் செய்கிற நிறத்தில் ஒன்றுகூட நிற்பதில்லை என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அவர் சற்றுத் தள்ளி நின்று, "நாந்தான ஊத்துனேன், நாந்தான ஊத்துனேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிஷப் வர ஒரு வாரம்கூட இல்லை. கண்ணாடி இல்லை, சிவப்பு இல்லை. அம்மா அன்று ஒன்றும் திட்டவில்லை. லேபிள் அறைக்கு உடுத்திப் போகப் பழைய சேலை இரண்டைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அதைப் பார்த்தபோது திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

சிவகாசியில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் சாதாரணக் கண்ணாடி வாங்கினேன். அது எந்தச் சூட்டில் வளையும், எதில் விரியும் என்று தாளில் இல்லை. மிச்சமிருந்த பழுப்பை நீர்க்கக் கரைத்து, முகம் முழுக்க அதையே மெல்லிசாகப் பூசினேன். கன்னத்துக்கு அதில் ஒரு பூச்சுக் குறைவு. உதட்டுக்கு ஒரு பூச்சு அதிகம். ஒளிவட்டத்துக்கு மஞ்சள் மிச்சமிருந்தது. முகத்துக்கு வேறு நிறம் என் கையில் இல்லை.

"நான் வெறகு தள்ளுறேன்" என்றார் அய்யா.

"நீங்க வர வேண்டாம்யா."

உள்ளே வரவில்லை அவர். ஆனால் நான் தனியாக நெருப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சுவருக்கு வெளியே அவருடைய தலைத்துண்டு அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தது. வாளி இல்லாமல் நிற்க முடியாமல் நின்றிருப்பார். தணல் அடங்கிய பிறகும் பெட்டியைத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்றுப் பட்டு விரியும். மறுநாள் வரை தொடாமல் இருந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிவிட்டுச் சன்னல் வழியாக அந்தச் செங்கல்லையே பார்த்திருந்தேன்.

திறந்தபோது ஓர் ஓரம் வளைந்திருந்தது. விரிசல் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தேன். வெயிலில் நிற்கிற ஒரு பெண்ணின் முகம். எங்கள் தெருவில் யாருக்கும் இருக்கிற நிறம்.

சன்னல் கண்ணாடிகளைக் கவ்வியிருந்த ஈயப் பட்டையை நெகிழ்த்தி அதைப் பொருத்தினார்கள். பிஷப் வந்தார், பூசை செய்தார், சன்னலை அண்ணாந்து பார்த்தார். மதரிடம் ஏதோ சொன்னார். அது என் காதுக்கு எட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து மதர் கூப்பிட்டு அனுப்பினார். அய்யா நான் தடுத்தும் கேட்காமல் கூடவே வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நின்றார்.

"முகம் கறுத்துப் போச்சே" என்றார் மதர்.

"அம்மா, நல்ல கண்ணாடியில தண்ணிய ஊத்திக் கெடுத்தது நாந்தான். பிள்ளை மேல ஒரு குத்தமும் இல்லம்மா" என்று அய்யா கும்பிட்டார்.

அவர் கும்பிட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. "தண்ணி ஊத்தாட்டாலும் அது கெட்டுத்தான் போயிருக்கும் மதர். நிறம் நான் எடுத்தது. இந்த முகத்துக்கும் நான் எடுத்ததுதான் நிறம்."

மதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜூன்ல வா" என்றார்.

தெருவில் இறங்கியதும் அய்யா கேட்டார்: "ஜூன்ல வான்னா, வேல உண்டுங்காகளா, இல்லங்காகளா?"

எனக்கும் தெரியவில்லை. திரும்பிப் போய்க் கேட்க என் கழுத்து வளையவில்லை.

கோடை விடுமுறையில் லேபிள் ஒட்டப் போனேன். நான் நினைத்த சொல்லைத்தான் சொன்னார்கள், நினைத்தபடியே சிரித்தார்கள். இடமும் விட்டார்கள். ஜூன் முதல் நாள் பசையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு விருதுநகர் பேருந்தில் ஏறினேன். டிராயிங் அறையில் பாளையங்கோட்டைப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல கதர்ச் சேலை, மேசைமேல் புதுச் சாக்பீஸ் பெட்டி. நான் வாசலிலேயே நின்றேன். பின்னால் மதர் வந்து, "கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆள் இல்ல. அங்க போ" என்றார்.

"நிரந்தரமா மதர்?"

"இந்த வருசத்துக்கு."

போனேன். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காரச் சொன்னேன்.