அம்மா நடிக்காத படம்

பிள்ளைகளே, நேற்று நீங்கள் போனில் பார்த்த ஸ்பெயின் படத்தில் கரையால் ஓடி வருகிற பெண் உங்கள் அப்பம்மாதான். நல்லாய் நடிச்சிருக்கிறா என்றீர்கள். அவ நடிக்கவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த காலம். எனக்கு எட்டு வயதிருக்கும். அந்தப் படத்தை எடுத்த இயக்குநர் எங்கள் கரைக்கு வந்தார். நரைத்த தாடி, ஓரிடத்தில் நிற்கமாட்டார். நாடு நாடாய்ப் போய்ப் பரிசு வாங்கியவராம். எந்தப் படம் எடுத்தாலும் அதில் கடலைப் பார்த்து நிற்கிற ஒரு பெண் வருவாளாம். அவருக்கு மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்து அண்ணை சொன்னார்.

கடலுக்குப் போனவர்களுக்கு ஏதோ நடந்துவிட்டதென்று நினைத்து எங்கள் பெண்கள் ஓடவேண்டும். அம்மாவும் மாமியும் சிரிப்பை அடக்கமுடியாமல் ஓடினார்கள்.

"மீன் வாங்கப் போற மாதிரியெல்லோ ஓடுறியள்!" என்றார் அண்ணை.

"நாங்கள் வேறை என்னத்துக்குத் தம்பி ஓடுறது?" என்றா மாமி.

இயக்குநர் அவர்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மாதா கோயில் பக்கம் போனார். படத்தில் நானும் வரவேண்டுமே என்ற தவிப்பில் நான் கமராவுக்கு முன்னால் போய்ப் போய் நின்றேன். துரத்திக்கொண்டே இருந்தார்கள்.

திடீரென்று கோயிலில் சாவு மணி. ஒவ்வொன்றாய், இழுத்து இழுத்து. அப்பா கடலில். அம்மா செருப்பையும் விட்டுவிட்டு ஓடினா. இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினா. அதற்கு முன் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

மணி கேட்டு அப்பாவும் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். "ஆர் போனது? சொல்லனப்பா, ஆர்?" அம்மா அவருடைய சட்டையைப் பிடித்தபடி நின்றா. கமரா ஓடிக்கொண்டிருந்தது.

மணியை அடிப்பித்தவர் இயக்குநர்தான். அவரும் கண்கலங்கி வந்து ஏதோ சொன்னார். அண்ணை மொழிபெயர்த்தார்.

"அக்கா, இவர் சின்னனாய் இருக்கேக்கை தகப்பன் கடலுக்குப் போனவராம். மணி கேட்டுத் தாய் இப்பிடித்தான் ஓடினவவாம். தகப்பன் வரேல்லை. அந்த ஓட்டத்தைத்தான் இவ்வளவு காலமும் படமாக்கப் பார்த்தவராம்."

அம்மா அந்த மனிதரைப் பார்த்தா. "அப்ப உவருக்கு உது தெரியும். தெரிஞ்சுகொண்டோ அடிப்பிச்சவர்?"

அண்ணை அதை மொழிபெயர்க்கவில்லை.

எனக்கு அம்மாவில்தான் கோபம். அவ்வளவு பெரிய மனிதர் அழ, இப்படியா கதைக்கிறது? பிறகு பூசை மணிக்கும் அம்மா ஏன் திடுக்கிட்டா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனபின் கரையில் ஒருவருமில்லை. நான் வாயால் மணி அடித்தேன். கமரா நின்ற இடத்தைப் பார்த்து, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். சரிவரவில்லை. திரும்பிப் போய் இன்னொருக்கால் ஓடினேன்.